பின் சீட்டில் ஒரு பை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பூட்டு. பூட்டு விற்பவர் அல்ல. காருக்கு அலாரம் மாட்டுபவர். பதினாறு வருடத் தொழில். அவர் மாட்டிய கார்கள் எல்லாம் ரிமோட்டை அமுக்கினால் ஒரே மாதிரி கத்தும்: இரண்டு குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம். பெட்டிக்குள் பன்னிரண்டு வகைச் சத்தம் இருந்தது. யார் கேட்டாலும் வேறு வைத்துக் கொடுக்க மாட்டார். தெருவில் நடக்கும்போது எங்கேயாவது அது கேட்டால், திரும்பிப் பார்க்காமலே "நம்மது" என்பார்.

"ஊர்ல பாதி காரு உங்க குரல்லதான் பேசுது. வீட்ல மட்டும் வாயத் திறக்க மாட்டீங்க" என்பாள் மனைவி.

அவள் பள்ளி ஆசிரியை. அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் பையோடு நின்றாள். கறுப்புப் பை, லேப்டாப்போடு வந்தது. லேப்டாப் செத்து மூன்று வருடம் ஆகிறது. பை இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது. உள்ளே முப்பத்தெட்டு விடைத்தாள்கள். ஆண்டுப் பரீட்சை. ஒன்பது நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தியவை. மதிப்பெண் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. ஏற்றி, தாள்களைக் கட்டி, நான்கு மணிக்குள் தலைமையாசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை அவளுக்கு வேறொரு வகுப்பின் பரீட்சையில் மேற்பார்வை வேலை. பரீட்சை அறைக்குள் பை கூடாது. ஆசிரியர் அறை அலமாரிக்குப் பூட்டு இல்லை. அதற்கு ஒரு பூட்டுப் போட்டுத் தரச் சொல்லி ஆறு மாதமாக அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு மணிக்குக் கொண்டாந்து குடுக்கறேன்" என்றார்.

"பேப்பர் என் கைய விட்டுப் போகக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"என் கார்ல இருந்தா உன் கையில இருக்கற மாதிரிதான்."

"போன வருசம் கணக்கு டீச்சர் பஸ்ல விட்டுட்டாங்க. இப்ப எங்க இருக்காங்க தெரியுமா?"

"எங்க?"

"வீட்ல."

"அது பஸ்ஸு. இது யாரு காரு டீச்சர்?"

கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும், அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் பையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் வாரைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

"சீட்ல வைக்காதீங்க."

"எனக்கே பாடமா?"

"கடைசி பெஞ்சுக்காரி இந்தத் தடவ அறுபத்தெட்டு வாங்கியிருக்கா" என்றாள். "ஒரு வருசமா முட்டி மோதினேன் அவகூட. அவ கிட்ட இன்னும் சொல்லல."

பஸ் வந்தது. ஓடினாள்.

டிக்கியைத் திறந்தார். முந்தின நாள் ஒரு வாடிக்கையாளரிடம் கழற்றிய பழைய பேட்டரி அதில் கிடந்தது. ஓரத்தில் அமிலம் கசிந்து விரிப்பைத் தின்றிருந்தது. காகிதத்தை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. பேட்டரியை இறக்கிவைக்கலாம், கை அழுக்காகும், சட்டை வேறு புதிது. பையைப் பின் சீட்டின் நடுவில் வைத்தார். மேலே கை துடைக்கும் துண்டைப் போட்டு மூடினார்.

பதினாறு வருடமாக அவர் எல்லோருக்கும் சொல்லி வந்தது இதைச் செய்யாதே என்றுதான்.

*

பதினொன்றே முக்காலுக்குக் கடைத்தெருப் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினார். ஜவுளிக்கடை முதலாளியின் புதுக் காருக்குப் போன வாரம் அலாரம் மாட்டியிருந்தார். இரண்டாவது ரிமோட்டைக் கொடுப்பது பாக்கி. அதைக் கொடுத்துவிட்டு நேரே பள்ளிக்கூடம். முதலாளியின் காரும் அதே வரிசையில், மூன்று வண்டி தள்ளி நின்றது.

சட்டைப் பையில் இரண்டு ரிமோட்கள் இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று முதலாளியுடையது. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே கனம்.

இறங்கினார். கதவைச் சாத்தினார். நடந்துகொண்டே சட்டைப் பையில் கையை விட்டு ஒன்றை அமுக்கினார். முதுகுக்குப் பின்னால் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நம்மது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

கடையில் முதலாளி எழுந்து நின்றே வரவேற்றார். "வாங்க பூட்டு அண்ணே. உங்களப் பத்திதான் பேச்சு. இவரு சம்பந்தி. போன மாசம் கார்ல ஃபோன வச்சிட்டுப் போயிட்டாரு, கண்ணாடிய உடைச்சுத் தூக்கிட்டான். நாலு வார்த்த சொல்லுங்க."

சம்பந்தி பரிதாபமாகப் பார்த்தார். துணி பார்க்க வந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"திருடன் கண்ணாடியத் திருட வரல சார். கண்ணுக்குத் தெரியறதத் திருட வர்றான். ஒண்ணும் தெரியலேன்னா அவன் பாட்டுக்குப் போயிடுவான். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? வண்டிய நிறுத்திட்டு, நாலு பேரு பாக்க, டிக்கியத் திறந்து சாமான உள்ள வைக்கிறாங்க. வைக்கறதுன்னா கெளம்புறதுக்கு முன்னாடி வைக்கணும். இன்னும் சில பேரு இருக்காங்க, சீட்ல வச்சு மேல துணியப் போட்டு மூடுவாங்க. மூடினா என்ன அர்த்தம்? இங்க ஏதோ இருக்கு, வந்து பாருன்னு எழுதி ஒட்டின மாதிரி."

சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் இடறியது. பின் சீட்டுத் துண்டு கண் முன் வந்து போனது. ஐந்து நிமிடம்தானே, பூட்டியாயிற்று, அலாரம் இருக்கிறது.

"அப்ப அலாரம் எதுக்குண்ணே?" என்றாள் ஒரு பெண்.

"அலாரம் கத்தும்மா. நீ ஓடி வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி காபி வரவழைத்தார். சட்டைப் பையில் கைக்கு வந்த ரிமோட்டை இவர் எடுத்துக் கொடுக்க, அதை ஜன்னல் வழியாக நீட்டி அமுக்கினார். எதிர்ப்பக்கம் இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"என்னா சுத்தமா கேக்குது பாருங்க" என்றார் முதலாளி. இன்னொரு தரம் அமுக்கினார்.

காபி குடித்து முடித்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டு ஐந்து.

*

ரிமோட்டை அமுக்குவதற்கு முன்பே கை கதவைப் பிடித்துவிட்டது. கதவு திறந்துகொண்டது.

கொஞ்ச நேரம் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார். பை இல்லை. துண்டும் இல்லை.

சீட்டுக்கு அடியில் கையை விட்டார். டிக்கியைத் திறந்தார். பேட்டரி இருந்தது. பாட்டுப் பெட்டி, கருவிப் பை, முன்னால் வைத்திருந்த சில்லறை எல்லாம் இருந்தன. கையில் மிஞ்சியிருந்த ரிமோட்டை அமுக்கினார். கார் கத்தியது. இங்கே நிறுத்தியதிலிருந்து முதல் தடவையாக அவருடைய கார் கத்தியது.

மூன்று வண்டி தள்ளி முதலாளியின் கார் நின்றது. அவருக்குப் புரிந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் கத்தியது அதுதான்.

பார்க்கிங் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பெண் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"யாராச்சும் என் வண்டிகிட்ட வந்தாங்களா?"

"வந்தாரே சார். கதவத் தெறந்தாரு, பைய எடுத்தாரு, சாத்திட்டுப் போனாரு."

"நீ கேக்கலியா?"

"என்னன்னு கேக்கறது? உங்க ஆளுன்னு நெனச்சேன். திருடன்னா ஓடுவான்ல? இவரு மெதுவா, கதவ ரெண்டாவது தடவ நல்லா அழுத்திச் சாத்திட்டுப் போனாரு. உங்கள விட பதவிசு."

"எந்தப் பக்கம் போனான்?"

அவள் பக்கத்துச் சந்தைக் காட்டினாள். அவர் சந்து முனைவரை போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். குப்பைத் தொட்டி, இரண்டு தள்ளுவண்டி, மூடிய கதவுகள். ஆளில்லை. திரும்பி வந்தார்.

காரில் உட்கார்ந்தார். என்ன சொல்வது? திருட்டுப் போச்சு என்று சொல்லலாம். யாருக்கும் போகும். பூட்டாமல் விட்டேன் என்று எப்படிச் சொல்வது? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் சிரிக்க மாட்டாள். வாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் ஞாபகம் வந்தன. உடைத்துத் திருடினால் அது களவு. திறந்து கிடந்தால் அது அஜாக்கிரதை. கணக்கு டீச்சர் வீட்டில் இருக்கிறாள்.

வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சுவரோரம் உண்டு. அங்கே போவதற்குள் இரண்டு தடவை மனம் மாறி, இரண்டு தெருக்களை வீணாகச் சுற்றினார். நிறுத்தினார். ஆபத்துக்குக் கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் முன்னால் மாட்டியிருக்கும். அதையும் அவர்தான் விற்கிறார். எடுத்து இறங்கினார். பின் கதவின் கண்ணாடியில் ஒரு மூலையில் வைத்து அடித்தார். முதல் அடி சறுக்கியது. கை பலமாகப் போகவில்லை. இரண்டாவது அடிக்குக் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகி, பொலபொலவென்று உள்ளே கொட்டியது.

அலாரம் கத்தவில்லை. அவர்தான் அணைத்து வைத்திருந்தார்.

*

ஒரு மணிக்கு அவள் வாசலுக்கு வந்தாள். ஃபோனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அழுதிருப்பாள் என்று நினைத்தார். அழவில்லை. நேரே காரிடம் போனாள். உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பரீட்சை அறையில் பெஞ்சு பெஞ்சாக நடப்பவள் பார்ப்பதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"பை எங்க இருந்துச்சு?"

"பின் சீட்ல. டிக்கியில பேட்டரி ஒழுகுது. அதான்."

"பின் சீட்லன்னா எங்க?"

"நடுவுலதான்."

"மேல?"

"துண்டு போட்டிருந்தேன்."

"ம்."

சீட்டு முழுவதும் கண்ணாடித் துகள் ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. வெயிலில் மின்னியது. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்க ரொம்ப நேரமானது.

"எங்க நடந்துச்சு?"

"பார்க்கிங்ல."

அவள் கீழே, காரைச் சுற்றியிருந்த தரையைப் பார்த்தாள். கதவுக்கு நேர் கீழே மண்ணில் நாலைந்து துகள்கள் கிடந்தன. செருப்பு நுனியால் ஒன்றை நகர்த்தினாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க, ஹெச்.எம். கிட்டப் போலாம்."

தலைமையாசிரியை சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க தொழில் என்ன சார்?"

சொன்னார்.

"ஓ" என்றார் தலைமையாசிரியை. அந்த ஓவில் எல்லாம் இருந்தது. பிறகு மனைவியிடம் திரும்பினார். "இங்க பாருங்க டீச்சர். உடைச்சு எடுத்திருந்தா போலீஸ்ல எழுதிக் குடுங்க. அந்த நகல் இருந்தா நான் மேல பேசுவேன். பசங்களுக்கு மறு பரீட்சை வைக்கலாம். உங்க மேல ஒரு குறிப்போட போயிடும். அஜாக்கிரதையா விட்டதுன்னு வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. கணக்கு டீச்சருக்கே என்னால ஒண்ணும் செய்ய முடியல."

"தெரியும் மேடம்."

"காகிதம் எடுத்துக்குங்க. சார் எழுதட்டும். பாத்தது அவருதானே?"

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் அவர் முன்னால் வந்தன. அவர் பேனா மூடியைக் கழற்றினார். மேலே தேதியை எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லித் தரவும் இல்லை.

"மேடம், நாலு மணிவரை டைம் குடுங்க" என்றாள் திடீரென்று. "லேப்டாப்னு நெனச்சுத்தான் எடுத்திருப்பான். தெறந்து பாத்தா பேப்பரு. வீட்டுக்கா தூக்கிட்டுப் போவான்? எங்கயாச்சும் பக்கத்துலயே போட்டுட்டுப் போயிருப்பான். போய்த் தேடறேன்."

"தேடறதுன்னா ஒடனே தேடியிருக்கணும்."

"ஆமா மேடம்" என்றாள்.

தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

காரில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். உடைந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து, துகள்கள் சீட்டில் சின்னச் சின்னதாக உருண்டன. பார்க்கிங் நெருங்க நெருங்க அவர் வேகத்தைக் குறைத்தார். சீட்டுக் கிழிக்கும் பெண் சாப்பிடப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

போகவில்லை. குடைக்குக் கீழேயே இருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்ன சார், கண்ணாடி வேற போச்சா? அய்யய்யோ, எங்க உடைச்சாங்க?"

அவர் காரைச் சுற்றி வந்து உடைந்த ஜன்னலை மறைத்து நின்றார்.

"பைய எடுத்தவன நீங்க பாத்தீங்களாம்மா?" என்றாள் மனைவி.

"பாத்தேன் மேடம். இங்கதான். கதவு தெறந்துதான் இருந்துச்சு. சாவி போட்ட மாதிரி தெறந்தாரு. சாருகிட்ட அப்பவே சொன்னேனே!"

"எத்தன மணி இருக்கும்?"

"பன்னெண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்தச் சந்துல போனாரு."

மனைவி தலையாட்டினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தெரிந்த விடையை இன்னொருவர் வாயால் கேட்பவள் போல இருந்தாள். சந்தைப் பார்த்து நடந்தாள். அவர் பின்னால் போனார். போகிறபோக்கில் கை பழக்கத்தில் ரிமோட்டை அமுக்கிவிட்டது. ஒரு பக்கம் கண்ணாடியே இல்லாத கார், இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று கத்திப் பூட்டிக்கொண்டது. அவள் நடையை நிறுத்தவில்லை.

சந்தின் நடுவில் குப்பைத் தொட்டி. அது காலியாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, ரப்பர் செருப்பு.

"அண்ணே, இங்க கறுப்புப் பை ஏதாச்சும் பாத்தீங்களா?" என்றாள்.

"பேப்பரு வச்ச பையா?"

அவள் ஒரு அடி முன்னால் போனாள். "ஆமாண்ணே. எங்க?"

"தொட்டிக்கு அந்தப் பக்கம் கெடந்துச்சு. வாய் தெறந்து, பாதிப் பேப்பரு வெளிய. பள்ளிக்கூடத்துப் பேப்பரு, யாராச்சும் தேடி வருவாங்கன்னு ஓரமா எடுத்துக்கூட வச்சேன். முக்கா மணிநேரம் பாத்தேன். குப்ப வண்டி வந்துடுச்சு. வண்டிக்காரன் எதையும் விட்டு வைக்க மாட்டான், அள்ளிப் போட்டு நசுக்கிட்டுப் போயிட்டான்."

"வண்டி எத்தன மணிக்குண்ணே?"

"எப்பவும் ஒரு மணி. பிசகாது." அவர் துடைப்பத்தால் காட்டினார். "அடியில ஒண்ணு ரெண்டு செருகிக்கிட்டு இருக்கும், பாருங்க."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். முதலில் வந்தது அவருடைய துண்டு. அதை ஓரமாக வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தாள்கள். ஈரம், மண், ஒன்றில் செருப்புத் தடம். அவர் குனிந்து உதவப் போனார்.

"நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

எடுத்ததைச் சுவரோரம் வரிசை எண்படி அடுக்கினாள். இரண்டு தடவை எண்ணினாள். பதினொன்று. அந்தப் பதினொன்றையும் புரட்டி எதையோ தேடினாள். என்ன தேடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அறுபத்தெட்டு அதில் இல்லை.

பெருக்குபவர் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நகர்ந்தார். "ஒரு அர மணி முன்ன வந்திருந்தா முழுசாக் கெடச்சிருக்கும்மா" என்று போகும்போது சொன்னார்.

சந்தில் அவர்கள் இருவர்தான். சட்டைப் பையில் மடித்த தாள் குத்தியது. அவர் அதை வெளியே எடுத்தார். தேதி மட்டும் எழுதியிருந்தது.

"நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றார். "பூட்டாம விட்டேன்னு. என் தப்புன்னு. ரிமோட்டு மாறிப் போச்சு டீச்சர், முதலாளியோடத அமுக்கிட்டு…"

"பை இருந்த எடத்துலயும் கண்ணாடி இருந்துச்சுங்க" என்றாள். தாள்களிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "பை இருக்கும்போது உடைச்சா, அந்த எடம் மட்டும் சுத்தமா இருக்கும்."

கையிலிருந்த தாளை அவர் மறுபடி மடித்தார்.

"பாத்த ஒடனே தெரிஞ்சுதா?"

"இருபது வருசமா காப்பியடிக்கறதக் கண்டுபிடிக்கறதுதான் என் வேல."

"அப்பவே ஏன் கேக்கல?"

பதினொரு தாள்களையும் துண்டில் வைத்துக் கட்டினாள். எழுந்தாள். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "அந்தக் கண்ணாடிய எத்தன மணிக்கு உடைச்சீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"பன்னெண்டே முக்கா" என்றார்.